தொலைந்த மெயிலை மீட்க எந்த வழியை முதலில் எடுப்பது?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் உள்ள ஆடிட்டர் அலுவலகங்கள், முந்திரி ஏற்றுமதி நிறுவனங்கள், ரப்பர் ஷீட் வியாபாரிகள், மீன்வலைத் தொழிற்கூடங்கள் ஆகியவற்றில் பல, மேசைக் கணினியில் நிறுவிய அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோதான் இன்றைக்கும் மெயில் பார்க்கின்றன. ஆண்டுக்கணக்கான கடிதப் போக்குவரத்து முழுவதும் ஒரே கோப்புக்குள் கிடக்கும். அந்தக் கோப்பு ஒருநாள் திறக்க மறுக்கும். அல்லது திறந்தாலும் வேண்டிய ஃபோல்டர் காலியாக இருக்கும். அப்போது சர்வரில் தேடலாம், காப்பு நகலை எடுக்கலாம், மென்பொருளோடு வரும் பழுதுநீக்கும் கருவியை ஓட்டலாம், கோப்பைக் கையாலேயே திருத்தலாம், காசு கொடுத்து மீட்பு மென்பொருள் வாங்கலாம், ஹார்ட் டிஸ்கைக் கழற்றி நிபுணரிடம் கொடுக்கலாம். இவற்றை விலையை வைத்தும் வேகத்தை வைத்தும் ஒப்பிடுவதுதான் வழக்கம். என் கணிப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த வழி மூலக் கோப்பில் கை வைக்கிறதா என்பதே. கை வைக்காத வழி தோற்றால் நேரம் மட்டுமே வீணாகும். கை வைக்கும் வழி தோற்றால், அடுத்த வழிக்கு மிஞ்சியிருந்ததும் சேர்ந்து போய்விடும்.

எந்த வழியையும் எடுக்கும் முன், மெயில் உண்மையிலேயே தொலைந்ததா என்று பார்க்க வேண்டும். ‘போய்விட்டது’ என்று சொல்லப்படும் மெயில்களில் கணிசமானவை அந்தக் கணினியிலேயே வேறிடத்தில் இருக்கும். அவுட்லுக்கில் தானியங்கி ஆவணப்படுத்தல் இயங்கிக்கொண்டிருந்தால், பழைய மெயில்கள் தனியாக ஆர்க்கைவ் என்ற பெயருள்ள இன்னொரு பிஎஸ்டி கோப்புக்கு (அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கும் கோப்பு வகை) நகர்ந்திருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவியவர் அந்தக் கோப்பை இணைக்க மறந்திருப்பார். ஃபோல்டரின் பார்வையில் யாரோ ஒரு வடிகட்டியைப் போட்டிருக்கலாம். தேடலுக்கான அட்டவணை கெட்டுப்போனால் மெயில் கண்முன் இருந்தும் தேடலில் அகப்படாது. ஆகவே தேடுவதை விட்டுவிட்டு, தேதி வரிசையில் கீழே இறங்கிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, மூலப் பிரதி எங்கே வசிக்கிறது என்பது. ஐமேப் அல்லது எக்ஸ்சேஞ்ச் வகைக் கணக்கு என்றால் மூலம் சர்வரில் இருக்கிறது. கணினியில் உள்ள ஓஎஸ்டி கோப்பு அதன் நகல் மட்டுமே. அது கெட்டால் பழுதுபார்க்கவே வேண்டியதில்லை. பெயரை மாற்றி ஒதுக்கி வைத்துவிட்டு அவுட்லுக்கைத் திறந்தால் புதிய நகல் தானாக இறங்கிவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஐமேப் கணக்கு வைத்திருப்பவரும், சர்வரில் இடம் போதாமல், பழைய மெயில்களை ‘உள்ளூர் ஃபோல்டர்’களுக்கு இழுத்துப் போட்டிருப்பார், அவை அந்தக் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. பாப் வகைக் கணக்கில் நிலைமை நேர்மாறு. மெயில் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து அழிந்துவிடும், அல்லது அமைப்பில் சொன்ன நாள் கழித்து அழியும். அனுப்பிய மெயில்களின் நகலோ, சொந்த டொமைன் வைத்திருக்கும் பல அலுவலகங்களில் சர்வரில் தங்குவதே இல்லை. வந்த மெயில் எல்லாம் திரும்பிவிட்டது என்று நிம்மதி அடைந்து, அனுப்பிய ஃபோல்டரைப் பார்க்காமலே கணினியை ஃபார்மட் செய்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்ததும், மென்பொருளை மூடி, கோப்பை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுக்க வேண்டும். அவுட்லுக் திறந்திருக்கும்போது பிஎஸ்டி கோப்பைப் பூட்டி வைத்திருக்கும் என்பதால், மூடாமல் நகலெடுக்க முடியாது. தண்டர்பேர்டு என்றால் அதன் புரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் எடுக்க வேண்டும். இனிமேல் செய்வதெல்லாம் அந்த நகலின் மேல்தான் செய்யப்பட வேண்டும்.

கோப்பைத் தொடாத வழிகள்

சர்வரில் தேடுவது செலவில்லாதது, ஆனால் அதற்குக் கெடு உண்டு. ஜிமெயிலின் குப்பைத் தொட்டியில் மெயில் 30 நாள் இருக்கும். நிறுவனக் கணக்கு என்றால், அதுவும் காலியான பிறகு மேலும் 25 நாளுக்குள் நிர்வாகி மீட்டுத் தரலாம். மைக்ரோசாஃப்டின் அலுவலக மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், ‘நீக்கப்பட்டவை’ ஃபோல்டரிலிருந்தும் அழித்த மெயில், பொதுவான அமைப்பின்படி 14 நாள் சர்வரின் மறைவான பகுதியில் இருக்கும். நிர்வாகி விரும்பினால் அதை 30 நாள் வரை நீட்டி வைத்திருக்கலாம். அவுட்லுக்கிலேயே ‘சர்வரிலிருந்து நீக்கியவற்றை மீட்டெடு’ என்ற கட்டளை இருக்கிறது. இந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரே காரணத்துக்காகவே சர்வரை முதலில் பார்க்க வேண்டும். பழுதான பிஎஸ்டி அடுத்த மாதமும் அதே நிலையில் காத்திருக்கும், சர்வரின் குப்பைத் தொட்டி காத்திருக்காது.

இன்னொரு வழி, அந்தக் கணக்கு முன்பு திறக்கப்பட்டிருந்த வேறொரு கணினி. அலமாரியில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் தொலைந்த மெயிலின் நகல் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதை வைஃபை இருக்கும் இடத்தில் திறந்தால், ஐமேப் உடனே சர்வரோடு ஒத்துப் பார்த்து, அங்கே இல்லாததை இங்கேயும் அழித்துவிடும். ஆகவே மோடத்தை அணைத்துவிட்டே லேப்டாப்பை இயக்க வேண்டும்; மெயிலைத் திறந்ததும் தனிக் கோப்பாகச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

பலருக்கும் நினைவுக்கு வராத வழி, மறுமுனையைக் கேட்பது. ஒவ்வொரு மெயிலுக்கும் குறைந்தது இரண்டு பிரதிகள் உண்டு; ஒன்று நம்மிடம், ஒன்று மற்றவரிடம். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு முந்திரி ஏற்றுமதி அலுவலகத்தில் ஐப்பசி மழையின்போது மின்சாரம் போய் வந்ததும் அவுட்லுக் திறக்கவில்லை. கணக்குப் பார்க்கும் பெண் தொலைபேசியில், “சார், கரண்ட் போயிட்டு வந்த பொறவு இது தொறக்கவே மாட்டேங்கு, முதலாளி கப்பல் பேப்பர் கேக்காரு” என்றார். அவர்களுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போன ஒரு சரக்கின் பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) வரைவும், அதைத் தொடர்ந்த நான்கைந்து மெயில்களும் மட்டுமே. கிளியரிங் ஏஜென்டை அழைத்து, அந்தக் கடிதத் தொடரை மறுபடி அனுப்பச் சொன்னதில் அன்று மாலையே வந்துவிட்டது. பிஎஸ்டி கோப்பைப் பழுதுபார்க்கும் வேலையை அதன் பிறகு அவசரமில்லாமல் செய்ய முடிந்தது. கடிதத் தொடரின் கடைசி மெயிலைப் பெற்றாலே, முந்தையவை பெரும்பாலும் அதன் அடியில் மேற்கோளாக இருக்கும். இணைப்புகளை மட்டும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். குறிப்பிட்ட சில மெயில்களே தேவை என்றால், இதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கானவர்களோடு நடந்த போக்குவரத்து முழுவதும் வேண்டும் என்றால் இது உதவாது.

காப்பு நகல் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தங்களிடம் நகல் இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. விண்டோஸில் ‘முந்தைய பதிப்புகள்’, ‘ஃபைல் ஹிஸ்டரி’ ஆகிய வசதிகள் எப்போதோ இயக்கி வைக்கப்பட்டிருக்கலாம்; கோப்பின் மேல் வலது சொடுக்கி, பண்புகளில் பார்த்தால் தெரிந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது நகலின் தேதி. தினமும் ஒரே இடத்தில் மேலெழுதும் காப்பு முறை, கெட்ட கோப்பையும் நல்ல கோப்பின் மேலேயே எழுதிவிட்டிருக்கும். மற்றொன்று, அவுட்லுக்கை மூடாமலே வீட்டுக்குப் போகும் அலுவலகங்களில், கோப்பு பூட்டப்பட்டிருந்ததால் காப்பு மென்பொருள் பிஎஸ்டியை மட்டும் மாதக்கணக்கில் தவிர்த்து வந்திருக்கும். மற்ற கோப்புகள் எல்லாம் ஒழுங்காக இருப்பதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கோப்பில் கை வைக்கும் வழிகள்

அவுட்லுக்கோடு இலவசமாக வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற இன்பாக்ஸ் பழுதுநீக்கி, ஆபீஸ் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது. மெனுவில் தென்படாது என்பதால் பலர் இல்லையென்றே நினைக்கிறார்கள். எழுதிக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் போனதால் கோப்பின் உள்கட்டமைப்பு குலைந்திருந்தால், இதுவே முதலில் முயல வேண்டியது. நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. இடையில் கோடை இடிமழையும் சேரும். ஆகவே பழுதான பிஎஸ்டிகளில் நான் பார்க்கும் பெரும்பாலானவை இந்த வகையே. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்சாரமே பல நாள் இல்லை. முற்றாக மின்சாரம் இல்லாத நாள்களை விட, விட்டு விட்டு வரும் நாள்களே மெயில் கோப்புக்கு ஆபத்தானவை.

இந்தக் கருவியின் எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். அது கட்டமைப்பைச் சரிசெய்யும். அழித்த மெயிலைத் தேடிக் கொண்டுவராது. எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாத மெயில்களைத் தனி ஃபோல்டர் ஒன்றில் கொட்டி வைக்கும். புரிந்துகொள்ளவே முடியாத பகுதிகளைத் தூக்கி எறிந்துவிடும். பழுது நீக்கும் முன் நகல் எடுக்கட்டுமா என்று அது கேட்கும் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிடக் கூடாது. ஒருமுறை ஓட்டியதும் நிறுத்திவிடாமல், பிழை எதுவும் இல்லை என்று சொல்லும் வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். கோப்பு பெரிதானால் இரவு முழுவதும் ஆகலாம். யுபிஎஸ் இல்லாத கணினியில் இதைத் தொடங்குவதை விட, நகலை ஒரு லேப்டாப்புக்கு மாற்றி ஓட்டுவது புத்திசாலித்தனம்.

கோப்பின் வயதையும் பார்க்க வேண்டும். அவுட்லுக் 2002 வரையிலான பதிப்புகள் உருவாக்கிய பழைய வகை பிஎஸ்டிக்கு 2 ஜிபி என்பது உச்ச வரம்பு. அதை எட்டிய கோப்பு திறக்காது. மேம்பட்ட வகை 2003இல் வந்தது. அதற்கு 2003, 2007 பதிப்புகளில் 20 ஜிபியும், 2010 முதல் 50 ஜிபியும் இயல்பான வரம்புகள். வரம்பைத் தாண்டிய பழைய கோப்புக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த தனிக் கருவி, மிகையான பகுதியை வெட்டி எறிந்தே கோப்பைத் திறக்க வைத்தது. எந்த மெயில்கள் வெட்டப்படும் என்பது நம் கையில் இல்லை. இப்படிப்பட்ட கோப்பு கையில் இருந்தால், லினக்ஸில் உள்ள ரீட்பிஎஸ்டி என்ற இலவசக் கருவியை முதலில் முயலலாம். அது பிஎஸ்டியைப் படித்து, தண்டர்பேர்டு புரிந்துகொள்ளும் எம்பாக்ஸ் வடிவத்தில் வேறிடத்தில் எழுதும். மூலக் கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றாது. கட்டளை வரியில் வேலை செய்யத் தயங்காதவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், பழுதுநீக்கிக்கு முன்பே இதை ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

தண்டர்பேர்டு பயன்படுத்துபவர்களுக்கு நிலைமை பல மடங்கு சாதகமானது. அதன் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு ஃபோல்டரும் ஓர் எம்பாக்ஸ் கோப்பு. மெயில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெறும் எழுத்தாகவே அதில் இருக்கும். அதே பெயரில் எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டோடு இன்னொரு சிறு கோப்பும் இருக்கும். முதலாவது பேரேடு என்றால் இரண்டாவது அதன் முன்பக்கத்தில் எழுதிய பக்க அட்டவணை. பட்டியல் குழம்பி, மெயில் தலைப்புகள் மாறித் தெரிந்தால், கெட்டது பெரும்பாலும் அட்டவணைதான். ஃபோல்டரின் பண்புகளில் உள்ள ‘ஃபோல்டரைப் பழுதுநீக்கு’ என்ற பொத்தானை அழுத்தினால், அட்டவணை புதிதாக எழுதப்படும், பேரேடு தொடப்படுவதில்லை.

அழித்த மெயிலும் தண்டர்பேர்டில் உடனே அழிவதில்லை. அந்த மெயிலின் தலைப்பகுதியில் உள்ள எக்ஸ்-மோசில்லா-ஸ்டேட்டஸ் என்ற வரியில், அழித்ததற்கான குறி மட்டும் விழும். ஏற்கெனவே படித்த மெயில் அழிக்கப்பட்டிருந்தால் அங்கே 0009 என்று இருக்கும்; அதை 0001 என்று மாற்றிச் சேமித்து, எம்எஸ்எஃப் கோப்பை அழித்துவிட்டுத் தண்டர்பேர்டைத் திறந்தால் மெயில் திரும்பி வந்துவிடும். ஃபோல்டரைச் ‘சுருக்கும்’ வேலை நடக்கும்போதுதான் குறியிட்டவை உண்மையில் நீக்கப்படுகின்றன. அந்த வேலை குறிப்பிட்ட அளவு இடம் மிச்சமாகும் நிலை வந்தால் தானாகவே நடக்கும் என்பதால், மெயில் தவறி அழிந்ததும் தண்டர்பேர்டை மூடிவிடுவது அவசியம்.

எம்பாக்ஸ் கோப்பை எடிட்டரில் திறந்து தேடும்போது தமிழர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் எழுதிய மெயிலும் தமிழ்த் தலைப்பும் அந்தக் கோப்பில் தமிழ் எழுத்தாக இருப்பது அரிது. அவை பெரும்பாலும் பேஸ்64 முதலான முறைகளில், படிக்க முடியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டிருக்கும். ‘ரசீது’ என்று தேடிக் கிடைக்கவில்லை என்பதால் மெயில் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அனுப்பியவரின் முகவரியையோ தேதியையோ கொடுத்துத் தேட வேண்டும்.

இன்பாக்ஸ் முழுவதும் ஒரே நொடியில் மறைந்துபோனால், ஆன்டிவைரஸின் தனிமைப் பகுதியைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மெயிலின் இணைப்பில் வைரஸ் இருந்ததற்காக, அதைக் கொண்டிருந்த எம்பாக்ஸ் கோப்பையே சில ஆன்டிவைரஸ்கள் தூக்கிச் சிறை வைத்துவிடும். அங்கிருந்து விடுவித்தால் போதும்.

கோப்பே இல்லாதபோது

பிஎஸ்டி கோப்பு நீக்கப்பட்டுவிட்டது, அல்லது டிஸ்க் ஃபார்மட் செய்யப்பட்டுவிட்டது என்றால், கணினியில் உள்ளது எந்த வகை டிஸ்க் என்பதே முடிவைத் தீர்மானிக்கும். சுழலும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்கில், மேலெழுதப்படும் வரை தகவல் அங்கேயே இருக்கும். எஸ்எஸ்டி வகையில், நீக்கிய பகுதிகளை ட்ரிம் என்ற கட்டளை டிஸ்குக்குத் தெரிவித்துவிடுவதால், டிஸ்க் அவற்றைத் தானாகவே துடைத்துவிடுகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே மீட்க முடியாத நிலை வந்துவிடும். அண்மையில் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் எஸ்எஸ்டி உள்ளவை. அவற்றில் நீக்கிய பிஎஸ்டியை மீட்டுத் தருவதாக உறுதி சொல்பவரிடம் முன்பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பழைய வகை டிஸ்க் என்றால் கணினியை உடனே அணைத்து, டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, மீட்டதை இன்னொரு டிஸ்கில் சேமிக்க வேண்டும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவுவது, தேடும் பொருளின் மேலேயே குழி தோண்டும் வேலை. போட்டோரெக் என்ற இலவச மென்பொருள், பெயருக்கு மாறாகப் பிஎஸ்டி கோப்புகளையும் அடையாளம் காணும். பெரிய கோப்பு டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் முழுதாகக் கிடைக்காது. கிடைத்த துண்டை ஸ்கேன்பிஎஸ்டியில் ஓட்டிப் பார்க்கலாம்.

டிஸ்கிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஓசை வந்தாலோ, கணினி டிஸ்கையே அடையாளம் காணாவிட்டாலோ, மென்பொருள் வழி எல்லாம் முடிந்தது என்று பொருள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று டிஸ்கின் அடியிலுள்ள மின்பலகையை அரித்திருக்கவும் கூடும். பலகை மட்டும் கெட்டிருந்தால் மீட்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. தட்டைத் திறக்க வேண்டிய பழுதுக்குத் தூசியற்ற அறை வேண்டும். பக்கத்துச் சர்வீஸ் கடையில் திறக்க விடக் கூடாது. ஆய்வகச் செலவு பல ஆயிரங்களில் தொடங்கும் என்பதால், போன மெயிலின் மதிப்பைக் கணக்கிட்டே அங்கே போக வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. ஆனால் அந்த விலைப்பட்டியல்கள் கணக்கு மென்பொருளிலும் காகிதத்திலும் இருக்கின்றன என்றால், அவற்றைச் சுமந்து வந்த மெயிலுக்காக அவ்வளவு செலவிடத் தேவையில்லை.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்

விளம்பரங்களில் முதலில் வரும் இவற்றை நான் கடைசியில் வைப்பதற்கு விலை காரணம் இல்லை. ஸ்கேன்பிஎஸ்டி கைவிட்ட கோப்பிலிருந்து இவை சில நேரம் நிறையவே எடுத்துத் தருகின்றன. மூலத்தைத் தொடாமல் புதுக் கோப்பில் எழுதும் நல்ல மென்பொருள்களும் உண்டு. கணக்கு நீக்கப்பட்டதால் அநாதையாகிப்போன ஓஎஸ்டி கோப்பைத் திறக்க, பல நேரங்களில் இவையே வழி. ஆனால் முந்தைய வழிகளில் எது சரிப்படும் என்று பார்ப்பதற்குள்ளாகவே பதற்றத்தில் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலானவற்றின் இலவச மாதிரிப் பதிப்பு, மீட்கக் கூடிய மெயில்களைப் பட்டியலாகக் காட்டும், சேமிக்க மட்டும் விடாது. அந்தப் பட்டியலில் வேண்டிய மெயில் கண்ணுக்குத் தெரிகிறதா, திறந்தால் உள்ளடக்கமும் இணைப்பும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். ஃபோல்டர் பெயர்கள் மட்டும் தெரிவது போதாது. கோப்பை இணையத்தில் ஏற்றினால் பழுதுநீக்கித் தருவதாகச் சொல்லும் தளங்களை அலுவலகங்கள் தவிர்க்க வேண்டும். வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் வங்கி விவரமும் அடங்கிய கோப்பு, முகம் தெரியாத ஒருவரின் சர்வருக்குப் போய்ச் சேருகிறது.

அந்த மெயில் நீதிமன்றத்தில் ஆவணமாக வைக்கப்பட வேண்டியது என்றால், வரிசை மாறும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு தரவேண்டிய சான்றிதழில், அந்தப் பதிவின் ஹேஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கோப்பின் கைரேகை போன்ற எண்) குறிப்பிட வேண்டும். பழுதுநீக்கியை ஓட்டிய கோப்பின் ஹேஷ் மதிப்பு, ஓட்டும் முன் இருந்த கோப்பின் மதிப்போடு ஒருபோதும் ஒத்துப்போகாது. அப்படிப்பட்ட வழக்கில் கோப்பைத் தொடும் முன் வழக்கறிஞரிடம் பேசுவதும், மறுமுனையிலோ சர்வரிலோ உள்ள பிரதியை நம்புவதுமே சரி.

எந்த வழியில் மீண்டிருந்தாலும், பழுதுநீக்கிய பிஎஸ்டியிலேயே தொடர்ந்து வேலை செய்வது எனக்கு உடன்பாடில்லை. புதிய பிஎஸ்டி ஒன்றை உருவாக்கி, மீண்ட மெயில்களை ஃபோல்டர் ஃபோல்டராக அதற்கு நகர்த்திவிட்டு, பழையதைப் பெயர் மாற்றி வெளி டிஸ்கில் ஒதுக்கி வைக்கலாம். நகர்த்தும்போது ஏதேனும் ஒரு மெயிலில் அவுட்லுக் திணறி நின்றால், அந்த மெயிலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நகர்த்த வேண்டும். கோப்பில் இன்னும் பழுது மிச்சமிருக்கும் இடம் அதுதான்.